விசா வேணாம், டேட்டா போதும்... போனிலேயே பிரான்ஸைச் சுத்திப் பார்க்க ஒரு கைடு!

பிரான்ஸ் போகணும்னா பாஸ்போர்ட், ஷெங்கன் விசா, பேங்க் ஸ்டேட்மென்ட், ஃப்ளைட் டிக்கெட், ஆபீஸ்ல லீவுன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகும். இது எல்லாத்தையும் கையில வெச்சிருந்தாலும் 'ஸாரி'ன்னு திருப்பி அனுப்புற ஒரு இடம் பிரான்ஸ்ல இருக்கு. ஆனா, அதே இடத்துக்குள்ள உங்க போன் வழியா இப்பவே, காசு கொடுக்காம நுழைஞ்சிடலாம். அது என்ன இடம்னு முதல் ஸ்டாப்ல சொல்றோம்.

'விர்ச்சுவல் டூர்'னு சொன்னாலே பலருக்கும் கொட்டாவி வரும். காரணம் இருக்கு. மேப்பைத் திறப்போம், ஈஃபில் டவரை நாலு பக்கமும் சுத்திப் பார்ப்போம், 'அவ்ளோதானா?'ன்னு மூடிட்டு ரீல்ஸுக்குப் போயிடுவோம். படத்தை மட்டும் பார்த்தா எந்த ஊரும் வால்பேப்பர்தான். அந்த ஊர்ச் சுவர்ல என்ன எழுதியிருக்கு, கடைக்காரர்கிட்ட என்ன சொல்லிட்டு உள்ளே போகணும், ஒரு சொல் எங்கேருந்து வந்துச்சு... இதெல்லாம் தெரிய ஆரம்பிச்சாதான் அந்த ஊரு நம்மகிட்ட பேசும்.

நம்ம ஊர்ல பிளஸ் டூ-வுல மொழிப்பாடமா பிரெஞ்சு எடுத்தவங்க நிறைய பேர். மார்க் வந்துச்சு, மொழி வரலை. 'போன்ஜூர்', 'மெர்ஸி' தாண்டி ஒண்ணும் மிஞ்சாதவங்களுக்கும், பிரெஞ்சே தெரியாதவங்களுக்கும் சேர்த்துதான் இந்த கைடு. மொத்தம் ஏழு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்லயும் ஒரு இடம், ஒரு சொல். நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சா ஒரு வாரத்துல முடிச்சிடலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி

தேவையானது மூணே மூணு. கூகுள் மேப்ஸ்ல இருக்கிற ஸ்ட்ரீட் வியூ, 'கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்' ஆப், ஒரு ஹெட்போன். மத்ததெல்லாம் அந்தந்த மியூசியத்தோட சொந்த இணையதளத்துலயே இருக்கு.

ஒரு டிப்ஸ்: ஸ்ட்ரீட் வியூ என்பது லைவ் இல்லை. படம் எந்த மாசம், எந்த வருஷம் எடுத்ததுன்னு அதுலயே போட்டிருக்கும். பழைய தேதிப் படங்களும் பல இடங்கள்ல கிடைக்கும். இது ஒரு குறை மாதிரி தெரியலாம். நாலாவது ஸ்டாப்ல இதுவே நமக்கு ஒரு டைம் மெஷினா மாறப்போகுது.

ஸ்டாப் 1: லாஸ்கோ... பூட்டின குகைக்குள்ள ஒரு நடை

தென்மேற்கு பிரான்ஸ்ல, தோர்தோஞ் பகுதியில மோந்திஞாக்னு ஒரு சின்ன ஊர். 1940-ம் ஆண்டு செப்டம்பர்ல அந்த ஊர்ப் பக்கம் நாலு பசங்க ஒரு குழிக்குள்ள இறங்கினாங்க. உள்ளே போய் விளக்கைத் தூக்கிப் பிடிச்சா, சுவர் முழுக்க காட்டெருமைகள், குதிரைகள், மான்கள்! சுமார் 17,000 வருஷத்துக்கு முன்னாடி மனுஷன் வரைஞ்ச ஓவியங்கள். 'காளைகளின் கூடம்'னு சொல்ற இடத்துல ஒரு காளை மட்டுமே 5 மீட்டருக்கும் மேல நீளம்.

1948-ல குகையைப் பொதுமக்களுக்குத் திறந்தாங்க. கூட்டம் அள்ளுச்சு. 1950-கள்ல ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கும் மேல உள்ளே போனாங்க. அங்கேதான் பிரச்னை. அத்தனை பேர் விட்ட மூச்சுக்காத்து, உடம்புச் சூடு, ஈரம் எல்லாம் சேர்ந்து சுவர்ல பாசி படிய ஆரம்பிச்சது. பல்லாயிரம் வருஷம் தாங்கின ஓவியம் பதினஞ்சு வருஷ டூரிஸத்தைத் தாங்கலை. 1963-ல அப்போதைய கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். இன்னிக்கு வரைக்கும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

நேர்ல மோந்திஞாக் போறவங்களும் பார்க்கிறது நகல் குகையைத்தான். முதல் நகல் 1983-ல திறந்தது. முழு குகையையும் அப்படியே வார்த்த புது நகல் 2016 டிசம்பர்ல வந்தது. ஆனா, பிரான்ஸ் கலாசார அமைச்சகத்தோட தொல்லியல் இணையதளத்துல லாஸ்கோவுக்குன்னே ஒரு விர்ச்சுவல் டூர் இருக்கு. ஒவ்வொரு கூடமா நகர்ந்து, ஒவ்வொரு மிருகத்தையும் தொட்டு விவரம் படிக்கலாம். உங்க மூச்சுக்காத்தால அதுக்கு எந்தச் சேதமும் வராது.

இன்றைய சொல்: 'ஃபெர்மே'. மூடியிருக்குன்னு அர்த்தம். இதுக்கு எதிர்ச்சொல் 'ஊவேர்', அதாவது திறந்திருக்கு. பிரான்ஸ்ல எந்தக் கடைக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாலும் இந்த ரெண்டுல ஒண்ணு தொங்கும்.

ஸ்டாப் 2: பாரிஸ் தெரு... சுவரைப் படிங்க

இப்போ வடக்கே தலைநகருக்கு. எழுதுறது பாரிஸ், சொல்றது 'பாரி'. நம்ம வள்ளல் பாரி மாதிரியே. கடைசி எழுத்தை முழுங்குறது பிரெஞ்சுல சகஜம்.

பாரிஸ் நகரத்தை 20 வட்டங்களாப் பிரிச்சிருக்காங்க. பேர் 'அரோந்திஸ்மான்'. நடுவுல ஒண்ணுல தொடங்கி நத்தை ஓடு மாதிரி சுத்திச் சுத்தி வெளியே போற வரிசை. ஸ்ட்ரீட் வியூல ஏதாவது ஒரு தெருமுனையில நில்லுங்க. நீல நிறப் பலகை, பச்சை விளிம்பு, வெள்ளை எழுத்து. மேல சின்னதா வட்ட எண், கீழே தெருப்பெயர். பெயரோட வர்ற 'ரூ' என்றால் தெரு. 'பிளாஸ்' என்றால் சதுக்கம். 'ஆம்பாஸ்' என்றால் முட்டுச்சந்து. இந்த மூணு சொல் தெரிஞ்சா மேப்ல பாதி பாரிஸ் புரிஞ்சுடும்.

கொஞ்ச தூரம் நகருங்க. பழைய சுவர்கள்ல பெயின்ட்ல 'தெஃபான்ஸ் தாஃபிஷே'ன்னு எழுதி, பக்கத்துலயே '1881 ஜூலை 29 சட்டம்'னு தேதியும் போட்டிருப்பாங்க. நம்ம ஊர் 'நோட்டீஸ் ஒட்டாதீர்கள்'தான் இது. ஆனா, அந்த 1881 சட்டம் சாதாரண போஸ்டர் சட்டம் இல்லை. பிரான்ஸ்ல பத்திரிகைச் சுதந்திரத்தை நிலைநாட்டின சட்டமே அதுதான்.

அடுத்து, ஏதாவது ஒரு பழைய அரசுப் பள்ளி முன்னாடி நில்லுங்க. 'எகோல்'னு எழுதியிருக்கும். வாசல் மேல 'லிபெர்தே, எகாலிதே, ஃப்ராதெர்னிதே'. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். அதே வாசல் பக்கத்துல பல பள்ளிகள்ல ஒரு கறுப்புக் கல்வெட்டும் இருக்கும். ஜூம் பண்ணுங்க. இந்தப் பள்ளியில படிச்ச யூதக் குழந்தைகளை 1942-ல இருந்து 1944-க்குள்ள நாஜி முகாம்களுக்கு அனுப்பிக் கொன்னாங்கன்னு சொல்ற கல்வெட்டு அது. பிரான்ஸ்ல இருந்து அப்படி அனுப்பப்பட்ட குழந்தைகள் 11,000 பேருக்கும் மேல. 1942 ஜூலைல பாரிஸ்ல நடந்த பெரிய வேட்டையில வீடு வீடாப் போய்ப் பிடிச்சது பிரெஞ்சு போலீஸேதான். அதுல பிரான்ஸ் அரசுக்கும் பொறுப்பு உண்டுன்னு ஒரு ஜனாதிபதி வெளிப்படையா ஒத்துக்கிட்டது 1995-லதான். அவர் ஜாக் ஷிராக்.

மேல மூணு பெரிய சொற்கள், பக்கத்துல அந்தச் சொற்களைக் காப்பாத்த முடியாமப்போன கதை. ரெண்டையும் ஒரே வாசல்ல வெச்சிருக்காங்க. எழுத்தைப் படிக்காமப் போனா அது வெறும் பள்ளிக்கூடக் கதவுதான்.

இன்றைய சொல்: 'எகோல்', அதாவது பள்ளி. கூடவே 'மேரி'யையும் தெரிஞ்சுக்கங்க. அது பெண் பெயர் இல்லை, நகராட்சி அலுவலகம்!

ஸ்டாப் 3: லூவர்... மோனலிசாவுக்கு முதுகைக் காட்டுங்க

முதலாவது வட்டத்துல, செய்ன் நதிக்கரையில இருக்கு லூவர். 1190 வாக்குல ஃபிலிப் ஒகுஸ்த் மன்னர் கட்டின கோட்டையாத் தொடங்கி, அரண்மனையா மாறி, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1793-ல மியூசியமா திறந்தது. முற்றத்துல இருக்கிற கண்ணாடிப் பிரமிடு 1989-ல வந்தது. லூவரோட இணையதளத்துல இருக்கிற விர்ச்சுவல் டூர்கள்ல, தரைக்குக் கீழே இருக்கிற அந்தப் பழைய கோட்டையோட அகழியைப் பார்க்கலாம்.

நேர்ல போனா எல்லாரும் ஓடுறது மோனலிசாவை நோக்கித்தான். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னாடி, நூறு போன்களுக்கு நடுவுல தெரியும். 1911-ல வின்சென்சோ பெருஜியா என்கிற இத்தாலியத் தொழிலாளி இதைத் தூக்கிட்டுப் போய், ரெண்டு வருஷம் கழிச்சு ஃபுளோரன்ஸ்ல மாட்டினது தனிக்கதை.

அதே அறையில, மோனலிசாவுக்கு நேர் எதிர்ச் சுவர்ல, வெரோனீஸே வரைஞ்ச 'கானா ஊர்க் கல்யாணம்' தொங்குது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், 7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். நேர்ல போற கூட்டம் பெரும்பாலும் அதுக்கு முதுகைக் காட்டிட்டுதான் நிக்கும். உங்களுக்கு அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. லூவரோட 'கலெக்‌ஷன்ஸ்' தளத்தை 2021-ல தொடங்கினப்பவே அதுல 4,80,000-க்கும் மேற்பட்ட பொருள்களோட விவரம் இருந்தது. யாரும் இலவசமாத் தேடிப் பார்க்கலாம். கல்யாண ஓவியத்தை எடுத்து, விருந்தாளிகளை ஒவ்வொருத்தரா ஜூம் பண்ணுங்க. பந்தி பரிமாறுறவர், பாட்டுக்கச்சேரி, நாய்க்குட்டின்னு ஒரு ஊரே இருக்கும்.

இன்றைய சொல்: 'லா ஜொகோந்த்'. பிரான்ஸ்ல மோனலிசாவுக்கு இதுதான் பேர். முன்னாடி வர்ற 'லா' பெண்பால். 'ல லூவர்'ல வர்ற 'ல' ஆண்பால். பிரெஞ்சுல உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. மேஜை பெண், புத்தகம் ஆண். லாஜிக் தேடாதீங்க... தாடியும் மீசையும் பெண்பால்!

ஸ்டாப் 4: நோத்ர் தாம்... ஒரு ஸ்கேன் காப்பாத்தின நினைவு

லூவர்ல இருந்து நதியோரமா கிழக்கே நடந்தா, நதி நடுவுல ஒரு தீவு. அதுல நோத்ர் தாம் தேவாலயம். கட்ட ஆரம்பிச்சது 1163-ல. வாசலுக்கு முன்னாடி தரையில ஒரு சின்னப் பித்தளைக் குறி இருக்கும். பிரான்ஸ் சாலைகள்ல 'பாரிஸுக்கு இத்தனை கிலோமீட்டர்'னு அளக்கிறதுக்கு அதுதான் பூஜ்ஜியப் புள்ளி.

2019 ஏப்ரல் 15 சாயங்காலம் இந்தத் தேவாலயம் பத்தி எரிஞ்சதை உலகமே டி.வி-யில பார்த்தது. மரக்கூரை முழுசும் போச்சு. 96 மீட்டர் உயரத்துல நின்ன ஊசிக் கோபுரம் முறிஞ்சு விழுந்தது. திரும்பக் கட்டணும்னா, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு துல்லியமாத் தெரியணும். அங்கே கைகொடுத்தது டிஜிட்டல். ஆண்ட்ரூ டாலன் என்கிற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர், தீ விபத்துக்குப் பல வருஷம் முன்னாடியே லேசர் ஸ்கேனரை வெச்சு இந்தக் கட்டடத்தை உள்ளேயும் வெளியேயும் அளந்து வெச்சிருந்தார். நூறு கோடிக்கும் அதிகமான அளவீட்டுப் புள்ளிகள். தீ விபத்துக்குச் சில மாசம் முன்னாடி, 2018 நவம்பர்ல அவர் இறந்துட்டார். அவர் விட்டுட்டுப்போன ஸ்கேன், மறுசீரமைப்புக் குழுவுக்குக் கிடைச்ச முக்கியமான ஆவணங்கள்ல ஒண்ணு. 2024 டிசம்பர்ல தேவாலயம் மறுபடி திறந்தது.

கேமர்களுக்கு ஒரு குறிப்பு. 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' கேமை வெச்சுதான் நோத்ர் தாமைத் திரும்பக் கட்டினாங்கன்னு ஒரு ஃபார்வேர்டு சுத்துச்சு. அது உண்மை இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் அந்த கேமை ஒரு வாரம் இலவசமாக் கொடுத்தது, நிதி கொடுத்தது... அது வரைக்கும் நிஜம். ஆனா, கதை நடக்கிறது 1789 புரட்சிக் காலம். கேம்ல தெரியிற ஊசிக் கோபுரமோ 19-ம் நூற்றாண்டுல வியோலே-ல-துய்க் என்கிற கட்டடக் கலைஞர் வெச்சது. கேமை நம்பிக் கட்டியிருந்தா வரலாறு குழம்பியிருக்கும்!

இப்போ அந்த டைம் மெஷின். ஸ்ட்ரீட் வியூல தேவாலயத்துக்கு முன்னாடி நின்னு, 2019-க்கு முந்தின தேதியைத் தேர்ந்தெடுங்க. பழைய கூரை. அப்புறம் அடுத்தடுத்த வருஷங்கள். சாரம், கிரேன், தடுப்பு வேலி. ஒரு கட்டடம் அடிபட்டு எழுந்திரிக்கிறதை விரல் நுனியில பார்த்துடலாம்.

இன்றைய சொல்: 'நோத்ர்'. நம்ம, எங்க ரெண்டுக்கும் இதே சொல்தான். கேட்கிறவரையும் சேர்த்தா 'நம்ம', சேர்க்கலைன்னா 'எங்க'ன்னு தமிழ்ல இருக்கிற நுணுக்கம் பிரெஞ்சுல இல்லை. 'நோத்ர் தாம்' என்றால் 'நம் அன்னை', அதாவது மாதா.

ஸ்டாப் 5: வெர்சாய்... கண்ணாடி மண்டபமும் ஒரு நீள ரொட்டியும்

பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர்ல வெர்சாய் அரண்மனை. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ல இதுக்குள்ள நடக்கலாம். நேரா 'கண்ணாடி மண்டபம்' போங்க. 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். முதல் உலகப்போரை முடிச்சுவெச்ச ஒப்பந்தம் 1919 ஜூன் 28-ல கையெழுத்தானது இங்கேதான்.

இந்தப் பளபளப்பைப் பார்க்கும்போது ஒரு தேதியையும் நினைச்சுக்கங்க. 1789 அக்டோபர் 5. பாரிஸ் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்குல, ரொட்டி கிடைக்கலைன்னு கிளம்பி, மழையில இங்கே வரைக்கும் நடந்தே வந்தாங்க. மறுநாள் ராஜாவையும் ராணியையும் பாரிஸுக்குக் கூட்டிட்டுத்தான் திரும்பினாங்க. வழியெல்லாம் ராஜாவுக்கு அவங்க வெச்ச பட்டப்பெயர் 'ரொட்டிக்கடைக்காரர்'. 'ரொட்டி இல்லைன்னா கேக் சாப்பிடட்டும்'னு ராணி மரி அந்துவானெத் சொன்னதா ஒரு கதை இருக்கே... அவங்க சொன்னதுக்கு ஆதாரம் இல்லை. அந்தக் கதை ரூசோவோட சுயசரிதையில பேர் இல்லாத ஒரு இளவரசி சொன்னதா வருது. அவர் அதை எழுதினப்போ மரி அந்துவானெத் பிரான்ஸுக்கே வராத சின்னப் பொண்ணு. கதையில வர்றதும் கேக் இல்லை, 'பிரியோஷ்'னு வெண்ணெய், முட்டை போட்ட ரொட்டி.

ரொட்டி விஷயத்துல பிரெஞ்சுக்காரங்க இன்னிக்கும் சீரியஸ். 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி'ன்னு போர்டு போடணும்னா மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட் அல்லது புளிச்ச மாவுதான் அடிப்படை. பதப்படுத்துற கெமிக்கல் கூடாது, ஃப்ரீசர்ல வைக்கக் கூடாதுன்னு 1993-ல அரசாணையே போட்டிருக்காங்க. பகெத் ரொட்டி செய்யிற கைப்பக்குவத்தை 2022-ல யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது.

ஸ்ட்ரீட் வியூல எந்தத் தெருவுக்குப் போனாலும் 'பூலான்ஜெரி'ன்னு ஒரு போர்டு கண்ணுல படும். ரொட்டிக்கடை. உள்ளே போறதா கற்பனை பண்ணிக்கங்க. முதல்ல 'போன்ஜூர்' சொல்லணும். சொல்லாம நேரா 'ஒரு ரொட்டி கொடுங்க'ன்னு கேட்டா மரியாதை தெரியாதவர்னு முடிவு பண்ணிடுவாங்க.

இன்றைய சொல்: 'சில் வூ ப்ளே', அதாவது தயவுசெஞ்சு. இதுல வர்ற 'வூ' என்பது 'நீங்க'. 'நீ'க்கு 'து'. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ'. தமிழும் பிரெஞ்சும் இந்த விஷயத்துல ஒரே கட்சி. முன்பின் தெரியாதவங்க, பெரியவங்க, டீச்சர், கடைக்காரர் எல்லாருக்கும் 'வூ'. ஃபிரெண்டுக்கும் தம்பி தங்கைக்கும் 'து'.

ஸ்டாப் 6: காம்பேர்... பிரெஞ்சுக்கு முன்னாடி இருந்த மொழி

தலைநகரையும் அரண்மனையையும் மட்டும் பார்த்தா பிரான்ஸ் முழுக்க ஒரே மொழின்னு தோணும். அதனால இப்போ வடமேற்கு மூலைக்கு, பிரித்தானி பகுதிக்குப் போறோம். ஊர் பேர் காம்பேர். ஊர் எல்லைப் பலகையில பேர் ரெண்டு தடவை இருக்கும். ஒண்ணு பிரெஞ்சுல, இன்னொண்ணு 'கெம்பேர்'னு பிரெத்தோன் மொழியில. வெல்ஷ் மொழிக்குச் சொந்தமான கெல்டிக் மொழி அது. 'கெம்பேர்' என்றால் ஆறுகள் கூடுற இடம். நம்ம பவானி கூடுதுறை மாதிரி. மேப்பை ஜூம் அவுட் பண்ணினா ஆறுகள் சேர்றது தெரியும்.

பிரெஞ்சு மொழியை பிரான்ஸ் அரசு கண்ணுல வெச்சுக் காப்பாத்தும். சட்ட ஆவணங்களை லத்தீனை விட்டு பிரெஞ்சுல எழுதணும்னு 1539-லயே அரச ஆணை. அந்த ஆணை பிறந்த வில்லேர்-கோத்ரே அரண்மனை, 2023-ல பிரெஞ்சு மொழிக்கான சர்வதேச மையமா திறந்திருக்கு. 1635-ல தொடங்கின பிரெஞ்சு அகாடமியில 40 உறுப்பினர்கள், அவங்களுக்கு 'அழிவில்லாதவர்கள்'னே பட்டம். நாம 'கணினி'ன்னு சொல் உருவாக்கின மாதிரி, அவங்க 1955-லயே கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தர்'னு சொல் கண்டுபிடிச்சு, இன்னிக்கு வரைக்கும் ஊரே அதைத்தான் சொல்லுது.

ஆனா, அந்தப் பாசத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 19-ம் நூற்றாண்டுல இருந்து 20-ம் நூற்றாண்டு வரைக்கும், பிரித்தானி பள்ளிகள்ல தாய்மொழி பேசின பிள்ளை கழுத்துல ஒரு மரக்கட்டையையோ பழைய மரச்செருப்பையோ மாட்டிவிடுவாங்க. அடுத்து யார் பிரெத்தோன் பேசி மாட்டுறாங்களோ, அவங்க கழுத்துக்கு அது மாறும். தாய்மொழியைப் பேசுறதே அவமானம்னு பிள்ளைகள் மனசுல பதிஞ்சுபோச்சு. வளர்ந்த பிறகு தங்கள் குழந்தைகள்கிட்ட அந்த மொழியைப் பேசுறதையே பலர் நிறுத்திட்டாங்க. இன்னிக்கு அழியும் ஆபத்துல இருக்கிற மொழின்னு யுனெஸ்கோ சொல்ற பட்டியல்ல பிரெத்தோனும் இருக்கு. 1977-ல தொடங்கின 'திவான்' பள்ளிகள் அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கப் போராடுது. ரெட்டை மொழிப் பலகையில அந்த ரெண்டாவது வரி, சும்மா வந்தது இல்லை.

இன்றைய சொல்: 'லாங்', அதாவது மொழி. அதே சொல்லுக்கு நாக்குன்னும் அர்த்தம்.

ஸ்டாப் 7: லா ஷப்பெல்... பாரிஸ்ல தமிழ் போர்டு

கடைசி ஸ்டாப்புக்கு மறுபடி பாரிஸ். வடக்கு ரயில் நிலையமான கார் து நோர் தாண்டி, லா ஷப்பெல் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம். ஃபோபூர் சாந்-தெனி தெருவோட வடக்கு முனையில ஸ்ட்ரீட் வியூ மனுஷனை இறக்குங்க. நகைக்கடை, புடவைக்கடை, மளிகை, பரோட்டாக்கடை. போர்டுல தமிழ் எழுத்து! இலங்கைப் போரால இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கின கடைத்தெரு இது. பக்கத்துலயே இருக்கிற மாணிக்க விநாயகர் ஆலயம் 1985-ல தொடங்கினது. வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசி வாக்குல தேர் வரும், பாரிஸ் ரோட்டுல தேங்காய் உடைப்பாங்க. அகதியா வந்து இறங்கின ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பத்தின 'தீபன்' படம் 2015-ல கான் திரைப்பட விழாவோட உச்ச விருதான தங்கப்பனை வாங்குச்சு. நாயகனா நடிச்சது எழுத்தாளர் ஷோபாசக்தி.

இதுக்கு எதிர்த்திசையில, அதாவது தமிழ் மண்ணுல பிரெஞ்சைப் பார்க்கணும்னா புதுச்சேரி. 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தாலும், கடற்கரை ஓரத் தெருப்பலகைகள்ல இன்னும் 'ரூ' இருக்கு. டூப்ளே காலத்துல மொழிபெயர்ப்பாளரா, ஆலோசகரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ல தொடங்கி 1761 வரைக்கும் தமிழ்ல எழுதின நாட்குறிப்பு, பிரெஞ்சு ஆட்சியை நம்மாளு உள்ளேருந்து பார்த்து எழுதின அபூர்வமான ஆவணம். பிரான்ஸ் தேசிய நூலகத்தோட 'கல்லிகா' டிஜிட்டல் நூலகத்துல 'போந்திஷெரி'ன்னு தேடிப் பாருங்க. பழைய வரைபடங்களும் படங்களும் வரிசை கட்டும்.

இன்றைய சொல்: 'வெத்திவேர்'. பிரெஞ்சு அகராதியில இருக்கிற இந்தச் சொல் நம்ம வெட்டிவேரேதான். பிரெஞ்சு சென்ட் தயாரிப்புல வெட்டிவேர் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு.

டூர் முடிஞ்சது, மொழி?

ஏழு ஸ்டாப்ல சேர்ந்த சொற்கள் கையில இருக்கு. இதை விட்டுடாம வளர்க்க தினமும் 15 நிமிஷம் போதும்.

முதல்ல கேளுங்க. பிரான்ஸ் சர்வதேச வானொலியான ஆர்.எஃப்.ஐ, எளிமையான பிரெஞ்சுல தினமும் 10 நிமிஷச் செய்தி போடுது. எழுத்து வடிவமும் கிடைக்கும். ஆரம்பத்துல ஒண்ணும் புரியாது. ஊர்ப் பேர்களும் எண்களும் காதுல விழுந்தாலே முதல் வாரத்துக்கு ஜெயிச்ச மாதிரி.

ரெண்டாவது, பயிற்சி. 'டி.வி.5 மோந்த்' தளத்துல சின்ன வீடியோவும் கேள்விகளுமா இலவசப் பாடங்கள் இருக்கு. ஏ1 என்பது தொடக்க நிலை. அங்கேருந்து ஆரம்பிங்க.

மூணாவது, எண்கள். இதுல ஒரு காமெடி உண்டு. பிரெஞ்சுல 70 என்பது 'அறுபது-பத்து'. 80 என்பது 'நாலு-இருபது'. 99 சொல்லணும்னா 'நாலு-இருபது-பத்து-ஒன்பது'. சிரிக்காதீங்க... எண்பதுக்கு அடுத்து 'ஒன்பது பத்து' வராம, 'நூறு' ஒட்டிக்கிட்ட தொண்ணூறை வெச்சிருக்கிறவங்க நாம! பெல்ஜியத்துலயும் சுவிட்சர்லாந்துலயும் 70-க்கும் 90-க்கும் நேரான சொல்லே இருக்கு.

சீரியஸாப் படிக்க முடிவு பண்ணிட்டா, சென்னையிலயும் புதுச்சேரியிலயும் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் மையங்கள் இருக்கு. புதுச்சேரி மையம் 1889-லயே தொடங்கினது. 'தெல்ஃப்' தேர்வு ஏ1-ல இருந்து பி2 வரைக்கும் நாலு நிலை. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது.

போனால முடியாத விஷயங்களும் இருக்கு. அடுப்புல இருந்து இறங்கின பகெத்தோட மணம், லூவர்ல நடந்து நடந்து வர்ற கால்வலி, மழை நனைச்ச கல்தெருவோட வழுக்கல்... இதெல்லாம் ஸ்கிரீன்ல வராது. அதுக்கு ஒருநாள் விசா எடுத்துத்தான் ஆகணும். அன்னிக்கு அந்தக் கடைக்கதவைத் தள்ளிட்டு நீங்க சொல்ற 'போன்ஜூர்', மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினதா இருக்காது.

அதுவரைக்கும் மணம் வேணும்னா, வீட்டுப் பானைத் தண்ணியில கொஞ்சம் வெத்திவேர் போட்டு வைங்க!